மும்மூர்த்திகளைத் தவிர்த்து, தஞ்சைப் பகுதியின் இசை வரலாற்றில் குறிப்பிடத்தக்க தருணங்கள் எவை?

தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள் என்ற செய்தியைத் தாண்டி, தஞ்சை வட்டாரத்தின் இசை வரலாற்றில் திருப்புமுனை என்று சொல்லத்தக்கவை எவை என்பது கேள்வி. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில், கோயில் மேளத்தைக் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். பெரிய பாடல்கள் இயற்றப்பட்ட நாட்களை நான் பட்டியலிடப் போவதில்லை. யார் பாடலாம், எந்த இடத்தில் இருந்து வாசிக்கலாம், அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்ற மூன்றும் எப்போதெல்லாம் மாறினவோ, அவையே இந்த மண்ணின் இசையைத் திசை திருப்பிய தருணங்கள் என்பது என் கருத்து.

தொடக்கத்தைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில்தான் பார்க்க வேண்டும். ராஜராஜ சோழனின் 29ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பிடும் கல்வெட்டு ஒன்று, தேவாரம் பாடுவதற்குப் பிடாரர்கள் 48 பேரையும், அவர்களோடு உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் நியமித்ததைச் சொல்கிறது. இந்த ஐம்பது பேருக்கும் ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல், கோயில் பண்டாரத்திலிருந்து ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து கொடுக்கப்பட்டது. ஒருவர் இறந்துவிட்டாலோ ஊரை விட்டுப் போய்விட்டாலோ அவருடைய அடுத்த உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள வேறொருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும் என்றும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். பரம்பரை உரிமையை ஏற்றுக்கொண்டு, அதே மூச்சில் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்த இந்த ஏற்பாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் வியப்போடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

அதே கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் உள்ள மற்றொரு நீண்ட கல்வெட்டு, சோழநாட்டின் பல தளிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர்களைத் தருகிறது. தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊர்க் கோயிலில் இருந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குறித்திருக்கிறது. நக்கன் என்ற முன்னொட்டோடு வரும் அந்தப் பெயர்களை நின்று வாசித்தால், ஒரு தெருவின் கதவிலக்கங்கள் வரிசையாகக் கண்முன் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 100 கலம் நெல் பெறும் உரிமை. ஆடலைப் பயிற்றி நடத்தும் நட்டுவம் செய்பவர்கள், ஆரியம் பாடுபவர்கள், தமிழ் பாடுபவர்கள், பலவகை வாத்தியக்காரர்கள் எல்லோரும் இதே ஏற்பாட்டில் அடுத்தடுத்துக் குறிக்கப்படுகிறார்கள். அரசர்களின் பெயர் கல்வெட்டில் இருப்பது இயல்பு. ஆடியவர்களையும் பாடியவர்களையும் வீட்டு எண்ணோடு பதிவு செய்ததுதான் இந்த ஊரின் தனிச்சிறப்பு. பின்னாளில் தஞ்சையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில்கூட ஒரு மேளக்கார வீதி இருந்ததற்கு வேர் இந்த நெல் பங்கில் இருக்கிறது என்றே நம்புகிறேன்.

அடுத்து நாயக்கர் காலத்துக்கு வருகிறேன். ரகுநாத நாயக்கர் (ஆட்சி 1600 முதல் 1634 வரை) காலத்தில் வீணையின் மெட்டுகள் (தந்தியை அழுத்தும் குறுக்குப் பட்டைகள்) 24 என்று நிலையாகப் பதிக்கப்பட்டன. இன்று நாம் தஞ்சாவூர் வீணை என்று அழைக்கும் வடிவம் அப்போது உறுதிப்பட்டது. அதற்கு முன், வாசிக்கப்போகும் ராகத்துக்கு ஏற்ப மெட்டுகளை நகர்த்தி அமைக்கும் முறையும் வழக்கில் இருந்தது. ஸ்தாயிக்கு (ஒரு ச முதல் மேல் ச வரை) பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகள் என்று ஆனபின், எந்த ராகத்தையும் எந்த நேரத்திலும் மெட்டை நகர்த்தாமல் வாசிக்க முடிந்தது. தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் பலாமரத்தைக் குடைந்து குடம் எடுத்து, தண்டியின் மேல் மெழுகைப் படிய வைத்து, அதில் மெட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்துவார்கள். கடைசி வேலையான அந்த மெட்டு வைப்பில் அளவுகோலை நம்ப மாட்டார்கள். தந்தியை மீட்டி, காதில் சுருதி சேரும் வரை மெட்டை இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். மரவேலை தெரிந்தவர்கள் பலர் இருக்க, மெட்டு வைக்கத் தெரிந்தவருக்குப் பட்டறையில் தனி மதிப்பு இருப்பதற்கு இதுதான் காரணம்.

அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி, விஜயராகவ நாயக்கர் காலத்தில் சதுர்தண்டி பிரகாசிகை எழுதி, 72 மேளங்களின், அதாவது தாய் ராகங்களின், திட்டத்தை முன்வைத்தார். கணக்கு எளியது. ரிஷப காந்தாரச் சேர்க்கை ஆறு, தைவத நிஷாதச் சேர்க்கை ஆறு, ஆக 36. மத்தியமம் இரண்டு வகை என்பதால் 72. அவர் காலத்தில் நடைமுறையில் இருந்த மேளங்கள் சுமார் இருபதுக்குள் அடங்கியவைதாம். மிச்சமிருந்த ஐம்பதுக்கு மேற்பட்டவை யாரும் பாடாத, ஆனால் பாடக்கூடிய மேளங்கள். மெட்டுகள் நிலைபெற்ற ஒரு வீணை கண்முன் இருந்ததால்தான் இப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும் துணிவு வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கருவி செய்தவனின் கையிலிருந்து இலக்கணம் எழுதியவனின் ஏட்டுக்குப் போன பாதை அது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, தஞ்சையை அடுத்த வையச்சேரியைச் சேர்ந்த மகா வைத்தியநாத ஐயர் அந்த 72 மேளங்களையும் கோத்து ஒரே ராகமாலிகையாகப் பாடிக் காட்டினார்.

மராட்டியர் காலத்தையும் மும்மூர்த்திகளையும் விரைவாகக் கடக்கிறேன். அவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. கேள்வி கேட்டவரும் அதைத் தாண்டித்தான் கேட்டிருக்கிறார். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798 முதல் 1832 வரை) தஞ்சை அரண்மனையில் மேனாட்டு பாண்டு வாத்தியமும் ஒலித்தது, நட்டுவனாரின் ஜதியும் ஒலித்தது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள், முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள், அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரை இன்றைய பரதநாட்டிய மேடையில் நாம் காணும் வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். வடிவேலு வயலினைக் கற்று, பின்னர் திருவிதாங்கூர் சென்று சுவாதித் திருநாளின் அவையில் பெரும் மதிப்போடு இருந்தார். ஆடல் மரபில் வந்தவர்கள் அயல்நாட்டு வாத்தியத்தை வாரி எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மரபுக்காரர்கள் புதுமைக்கு எதிரானவர்கள் என்ற பேச்சு தஞ்சையைப் பொறுத்தவரை பொருந்தாது.

1855ஆம் ஆண்டைப் பலர் அரசியல் வரலாற்றில் மட்டும் படிக்கிறார்கள். அந்த ஆண்டு மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சை அரசை எடுத்துக்கொண்டது. அரண்மனையை நம்பியிருந்த இசைவாணர்களும் ஆடல் மகளிரும் என்ன ஆனார்கள் என்பதே என் அக்கறை. சிலர் மைசூர், திருவிதாங்கூர், எட்டயபுரம், இராமநாதபுரம் என்று வேறு அவைகளை நாடினார்கள். சிலருக்குத் திருவாவடுதுறை போன்ற ஆதீனங்கள் கைகொடுத்தன. பலர் சென்னைக்குப் போனார்கள். வீணை தனம்மாளின் பாட்டி காமாட்சியம்மாள் தஞ்சை அரண்மனையில் ஆடியவர். அந்தக் குடும்பம் சென்னையில் குடியேறி, மூன்றாம் ஐந்தாம் தலைமுறைகளில் தனம்மாளையும் நடனக் கலைஞர் பாலசரஸ்வதியையும் தந்தது. சென்னை டிசம்பர் சபாக்களில் கேட்கும் சங்கீதம் பெருமளவு காவிரிக்கரையிலிருந்து குடிபெயர்ந்தது என்று சொல்லும்போது, அந்தக் குடிபெயர்வுக்குப் பின்னால் வாழ்வாதாரம் இழந்த குடும்பங்கள் இருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் முதலில் ஆபிரகாம் பண்டிதர். தென்காசிப் பக்கத்தில் பிறந்து, தஞ்சையில் சித்த மருத்துவராகப் புகழ்பெற்ற கிறிஸ்தவத் தமிழர். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தன் மருத்துவத் தொழிலில் ஈட்டிய பணத்தைச் செலவழித்து, வித்துவான்களைத் தஞ்சைக்கு அழைத்து மாநாடுகளை அடுத்தடுத்து நடத்தினார். இசையறிவைச் சபையில் வைத்து வாதிட்டுத் தீர்க்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் வைத்துப் பழந்தமிழ்ப் பண்களின் அடிப்படையை ஆராய்ந்து, ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் சுருதிகள் (நுண்சுரங்கள்) 22 என்ற கருத்தை மறுத்து, 24 என்று நிறுவ முயன்றார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தன் மகள்களோடு சென்று, அவர்கள் வீணையில் வாசித்துக் காட்ட, தன் கொள்கையை விளக்கினார். அடுத்த ஆண்டு கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. அவருடைய சுருதிக் கணக்கை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் தமிழிசையைப் பழம்பெருமையாகப் பேசுவதோடு நில்லாமல், கணக்காகவும் சான்றாகவும் எழுதி மறுப்புக்கு முன் வைத்தவர் அவர். 1940களில் எழுந்த தமிழிசை இயக்கம் நிற்பதற்கு ஒரு தளம் இருந்ததென்றால், அதில் அவருடைய உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. தஞ்சையில் அவர் பெயரைத் தெருப்பலகையில் மட்டும் அறிந்தவர்கள் மிகுதி என்பது எனக்கு வருத்தமே.

இனி நான் மிக முக்கியம் என்று கருதும் தருணம். தியாகராஜர் 1847 சனவரியில் திருவையாற்றில் மறைந்தார். காவிரிக்கரையில் இருந்த அவருடைய சமாதி கவனிப்பாரின்றிப் பாழடைந்தது. சீடர் வழியில் வந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கண்டெடுத்துச் சீர்செய்து, அவர் மறைந்த நாளில் ஆண்டுதோறும் எடுக்கும் இசை விழாவான ஆராதனையைத் தொடங்கினார்கள். விரைவிலேயே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து தனித்தனியே விழா எடுத்தார்கள். விழாவின் சிறப்பில் போட்டி இருந்ததே தவிர, சமாதியின் நிலை மாறவில்லை. 1921இல் அந்த நிலைமையைத் தன் குருநாதர் பிடாரம் கிருஷ்ணப்பாவின் கடிதம் மூலம் அறிந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், சென்னையிலிருந்து திருவையாற்றுக்கு வந்தார். தேவதாசி மரபில் பிறந்தவர். பாட்டுக் கச்சேரியில் ஈட்டிய செல்வம் உடையவர். தஞ்சை அரசவையில் வாழ்ந்த முத்துப்பழனி என்ற பெண்ணின் தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்து, அது ஆபாசம் என்று ஆங்கில அரசால் தடை செய்யப்பட்டதைக் கண்டவர்.

அவர் சமாதி இருந்த நிலத்தைப் பெற்று, தன் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பி, 1925 சனவரியில் குடமுழுக்கு நடத்தினார். அந்தக் கோயிலின் முன் அவர் பாட முடியவில்லை. ஆராதனையில் பெண்கள் பாடுவதை இரண்டு கட்சிகளுமே அனுமதிக்கவில்லை. நிலம் அவருடையது, கட்டடம் அவருடையது, நித்திய பூசைக்கான செலவு அவருடையது, பாடும் உரிமை மட்டும் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1927 முதல் பெண் கலைஞர்களைத் திரட்டி, கோயிலின் பின்புறத்தில் தனியே ஒரு விழா எடுத்தார். அதைப் பெண்கள் கட்சி என்றார்கள். மூன்று விழாக்கள் ஒரே ஊரில் சில ஆண்டுகள் தொடர்ந்தபின், 1941 வாக்கில் எல்லாம் ஒன்றாக இணைந்தன. ஆண்களும் பெண்களும் ஒரே பந்தலில் இருக்க, தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் வழக்கமும் அந்த இணைப்பை ஒட்டியே நிலைபெற்றது.

இன்று தொலைக்காட்சியில் அந்தக் கோஷ்டி கானத்தைப் பார்ப்பவர்கள் அது தொன்றுதொட்டு வந்த முறை என்று நினைக்கிறார்கள். ஒரு நூற்றாண்டு வயதுகூட ஆகாத வழக்கம் அது. அதில் பெண்கள் அமர்ந்திருப்பது ஒரு பெண்ணின் விடாப்பிடியால் கிடைத்தது. நாகரத்தினம்மாள் தன் சொத்தை அறக்கட்டளையாக எழுதி வைத்தபோதும், தேவதாசிகள் உள்பட எல்லாப் பெண்களுக்கும் ஆராதனையில் வழிபடவும் பாடவும் ஆண்களுக்கு நிகரான உரிமை வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தார். 1952இல் அவர் மறைந்தபின், தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே அவருக்கும் ஓர் இடம் அமைந்தது. கைகூப்பி அமர்ந்திருக்கும் அவருடைய சிலையை அங்கே காணலாம். திருவையாறு செல்பவர்கள் அந்தச் சிலையின் முன்னும் சிறிது நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, நான் பிறந்த பகுதியின் வாத்தியம். நாகசுரம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் உரியது, நின்றும் நடந்தும் வாசிப்பது, கச்சேரி மேடைக்கு உரியதன்று என்ற நிலை 1930கள் வரை இருந்தது. அன்று பெரும்பாலும் வாசிக்கப்பட்ட திமிரி நாயனம் (நாகசுரத்தின் ஒரு வகை) குட்டையானது, சுருதி உயர்ந்தது. வீதிக்கு ஏற்றது. ஆனால் 'ம' சுரத்தின் தாழ்ந்த வடிவமான சுத்த மத்தியமத்தை அதில் துல்லியமாகக் கொண்டுவருவது வித்துவானின் உதட்டையும் மூச்சையும் நம்பியிருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக, பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையின் ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாயனத்தைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது, சுத்த மத்தியமம் இயல்பாகப் பேசியது. வாய்ப்பாட்டுக்குரிய விரிவான ராக ஆலாபனையை நாகசுரத்தில் மணிக்கணக்கில் நிகழ்த்துவதற்கு வழி பிறந்தது.

நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்யும் வீடுகளில் வாசலிலேயே ஆச்சா மரக்கட்டைகள் அடுக்கியிருக்கும். பச்சை மரம் உதவாது. பல பத்தாண்டுகள் வீட்டு உத்தரமாகவோ தூணாகவோ இருந்து ஈரம் முற்றும் போன கட்டையைத்தான், பழைய வீடுகள் இடிக்கப்படும் இடங்களில் தேடி வாங்கி வருவார்கள். கடைந்து, துளையிட்டு முடித்தால் உலவில் (நீண்ட மரக்குழலில்) பன்னிரண்டு துளைகள் இருக்கும். விரல் வைத்து வாசிப்பதற்கு ஏழு. கீழ்ப்பகுதியில் உள்ள ஐந்தும் சுருதியைச் சீர்செய்வதற்கானவை, வேண்டியதை மெழுகால் அடைத்துக்கொள்வார்கள். கீழே அணைசு என்னும் விரிந்த வாய், மேலே கெண்டை என்னும் சிறு உலோகக் குழல், அதில் செருகி ஊதும் சீவாளி. காவிரிக்கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்யும் அந்தச் சிறு சீவாளி கெட்டுப்போனால் சக்கரவர்த்தியானாலும் வாசிக்க முடியாது. அதனால்தான் வித்துவான்கள் நாயனத்தில் சீவாளிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான், ஆயினும் ஆச்சா மரத்துக்கும் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்களுக்கும் உள்ள தட்டுப்பாட்டைக் குறியீடு தீர்க்காது.

ராஜரத்தினம் பிள்ளை (1898 முதல் 1956 வரை) கருவியை மாற்றியதோடு நிற்கவில்லை. சுருதிக்காக ஊதும் ஒத்து என்னும் குழலுக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். மேடையில் வாய்ப்பாட்டு வித்துவான்களுக்கு நிகராக அமர்ந்து வாசிப்பேன் என்று வற்புறுத்தினார். குடுமியை எடுத்து, கோட்டு அணிந்து, கேட்ட சன்மானத்துக்குக் குறைய மறுத்தார். இவற்றை அவருடைய செருக்கு என்று கதைகதையாகச் சொல்பவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு தொழிலின் சார்பில் அவர் அமர்ந்தார் என்று நான் பார்க்கிறேன். 1947 ஆகஸ்டில், திருவாவடுதுறை ஆதீனம் அனுப்பிய குழுவினரோடு டெல்லி சென்று, விடுதலையை ஒட்டிய நிகழ்ச்சியில் அவர் நாகசுரம் வாசித்தார். அவருடைய தோடி ராகத்தை இசைத்தட்டில் கேட்காதவர்கள் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அதைத் தேடிக் கேட்க வேண்டும்.

நாகசுரத்துக்குத் துணையாக ஒலிக்கும் மேளமான தவிலைச் சொல்லாமல் நாகசுரத்தை முடிக்க முடியாது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவிலுக்குத் தனி கௌரவம் தேடித் தந்தவர். தஞ்சை மாவட்டத்து வித்துவான்கள் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குக் கடல் கடந்து சென்று, அங்கேயே மாதக்கணக்கில் தங்கி வாசிப்பதும் கற்பிப்பதும் வழக்கமாக இருந்தது. அப்படிப் போன கலை அங்கே தழைத்து, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933 முதல் 1975 வரை) என்ற தவில் மேதையைத் தந்தது. அவர் தமிழ்நாட்டுக்கு வந்து இங்குள்ள முன்னணி நாகசுரக்காரர்களுடனும் நீடாமங்கலம் சண்முகவடிவேலு போன்ற தவில் வித்துவான்களுடனும் வாசித்தபோது, அந்தக் கணக்கையும் வேகத்தையும் கேட்பதற்கென்றே இந்தப் பக்கத்துத் தவில்காரர்கள் ஊர் ஊராகப் போனார்கள். எங்கள் வட்டாரத்தில் தவில் கற்கும் பிள்ளைகளுக்கு அவருடைய ஒலிப்பதிவுகளை இன்றும் ஆசிரியர்கள் போட்டுக் காட்டுகிறார்கள்.